குத்துச்சண்டைக்கு விதி வகுத்த ஜாக் பிராட்டன்

பவுல் அப்போஸ்தலர் கொரிந்து நகரச் சபையாருக்கு வரைந்த முதல் நிருபத்தில், விசுவாசியின் ஓயா முயற்சிக்குப் பந்தயத்தில் ஓடுவோனையும் குத்துச்சண்டை புரிவோனையும் உவமையாக எடுத்தாண்டிருத்தலை நம் கல்லூரி அன்பர் பலரும் அறிவர். அப்போஸ்தலர் வாக்கில் இடம்பெற்ற தொழிலேயாயினும், பரிசிற்காக ஒருவனை ஒருவன் குருதி சொரியப் புடைப்பதும், அதனைப் பிறர் பொருள் கொடுத்துக் கண்டு களிப்பதும் நம்முள் பலருக்கு அருவருப்பு விளைத்தல் இயல்பே. அத்தொழிலின் சார்பாக வழக்காடுவது நம் நோக்கமன்று. முறையென்பதே பெரிதும் அறியாமல் அது கிடந்த காலத்தில், அதனுள்ளேயே உழன்று, அதற்கு எழுத்தில் ஒரு வரம்பு கட்டிய ஆங்கிலேயர் ஒருவரின் வாழ்க்கையை ஈண்டுக் கூறப் புகுகின்றோம். அவ்வரம்பு அவரையே காவாதொழிந்த கதையும் இதனுள் அடங்கும்.

ஜான் பிராட்டன் என்பது அவர் இயற்பெயர். மக்கள் ஜாக் பிராட்டன் என்றே வழங்கினர். 1703-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த இவர், இளமையில் இலண்டன் மாநகரத்தில் தேம்ஸ் நதியில் படகு வலித்து வாழ்ந்தார். அக்காலத்தில் நகரின் நடுப்பகுதியில் இலண்டன் பாலம் ஒன்றே இருந்தமையால், அக்கரை செல்வோர் பலரும் படகோட்டிகளையே நம்பியிருந்தனர். ஆற்றுநீரோடும் சக தொழிலாளரோடும் நாள்தோறும் மல்லாடிய அக்கூட்டத்தார்க்குக் கை வலிமையே கைப்பொருள். தாமஸ் டாகெட் என்னும் நாடக நடிகர் 1715-இல் அவர்களுக்கென ஒரு படகுப் பந்தயத்தை ஏற்படுத்தினார். பயிற்சிக் காலம் முடித்த இளம் படகோட்டிகள் இலண்டன் பாலத்திலிருந்து செல்சீ வரை தனிப்படகில் துடுப்பு வலித்துச் செல்ல வேண்டும். முந்துவோனுக்கு ஓர் அங்கியும் வெள்ளிச் சின்னமும் பரிசு. பிராட்டன் 1730-இல் அப்பரிசினைப் பெற்றார். தம்மோடு பூசலிட்ட வேறொரு படகோட்டியைத் துறையருகே குத்தி வீழ்த்தியபோதுதான் தமக்கு வேறொரு தொழில் வாய்த்திருப்பதை அவர் உணர்ந்தார் என்பர்.

அத்தொழிலின் அந்நாளைய நிலையைச் சிறிது கூறாக்கால் அவர் செய்த செயலின் அருமை விளங்காது. ஜேம்ஸ் ஃபிக் என்பார் இலண்டனில் ஓர் அரங்கம் அமைத்து, வாட்போர், கழிப்போர், கைப்போர் ஆகியவற்றைக் கட்டணம் பெற்றுக் காட்டி வந்தார். 1734-இல் அவர் இறந்தபின் ஜார்ஜ் டெய்லர் என்பார் அத்தொழிலை மேற்கொண்டார். அவ்வரங்குகளில் கையுறை இல்லை. இத்தனை நிமிடத்திற்கு ஒரு சுற்று என்ற கணக்கும் இல்லை. எதிரியைத் தூக்கி எறியலாம். மயிரைப் பற்றி இழுக்கலாம். விழுந்தவனை விழுந்த நிலையிலேயே தாக்குதலும் நிகழ்ந்தது. இத்தகைய மேடையில் ஏறிய பிராட்டன் பிறரைப்போல் வெறும் வலிமையையே நம்பினாரல்லர். வரும் குத்தைக் கையால் தடுத்தலும், பின்வாங்கி அதனை வீணாக்குதலும், எதிரி நிலைதவறிய கணத்தில் திருப்பிக் குத்துதலும் அவர் தேர்ந்த முறைகள். அவர் காலத்தவராகிய காப்டன் ஜான் காட்ஃப்ரே 1747-இல் வெளியிட்ட தற்காப்புக் கலை நூலில் இவரையே குத்துச்சண்டையாளருள் தலைவராகப் போற்றியுள்ளார்.

1741-இல் ஜார்ஜ் ஸ்டீவன்சன் என்னும் வண்டியோட்டி பிராட்டனை எதிர்த்து மேடையேறினார். அரைமணி நேரத்துக்கும் மேலாக இருவரும் சளைக்காமல் பொருதனர். இறுதியில் ஸ்டீவன்சன் வீழ்ந்தார். அடிபட்ட அவர் மீண்டும் எழுந்து நடமாடவில்லை என்பதும், சில கிழமைகளுக்குள் உயிர் நீத்தார் என்பதும், பிராட்டன் அதனால் மனமுடைந்து மற்போருக்கு விதி வகுக்கத் துணிந்தார் என்பதும் வழிவழியாக எழுதப்பட்டு வரும் செய்திகள்.

1743-இல் பிராட்டன், செல்வர் சிலரின் பொருளுதவியோடு ஆக்ஸ்ஃபோர்டு சாலையருகே தமக்கென ஓர் அரங்கத்தைத் திறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் நாள் அவ்வரங்கத்துக்குரிய ஏழு விதிகள் வெளிவந்தன. அவற்றை முழுமையாக நோக்குதல் நலம்.

மேடையின் நடுவே ஒரு கஜச் சதுரம் சுண்ணக்கட்டியால் வரையப்படும். ஒருவன் விழுந்த பின்னரோ, கம்பியோரத்திலிருந்து இருவரும் பிரிக்கப்பட்ட பின்னரோ, துணைவர் தத்தம் வீரனை அச்சதுரத்தின் பக்கத்திற் கொணர்ந்து நிறுத்த வேண்டும். இருவரும் கோட்டில் நேர்ப்பட நிற்கும்வரை ஒருவன் மற்றவனை அடித்தல் ஆகாது. விழுந்தவனை அரை நிமிடத்துக்குள் அவன் துணைவன் கோட்டுக்குக் கொண்டுவராவிடின் அவன் தோற்றவனாவான். முதன்மைப் போரின்போது மேடையில் போரிடுவோரும் அவர்தம் துணைவருமன்றி வேறெவரும் நிற்கலாகாது. குறித்த நேரத்தில் கோட்டுக்கு வாராதபோதும், தன் துணைவனே தோல்வியை ஒப்புக்கொண்டபோதும் அன்றி, எவனையும் தோற்றவன் எனக் கொள்ளலாகாது. ஒருவனுடைய துணைவன் எதிரியைக் கேள்வி கேட்பதும் விட்டுக்கொடுக்கும்படி தூண்டுவதும் தடுக்கப்பட்டன. சிறு போர்களில் வென்றவனுக்குக் கிடைத்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மறைவில் வேறு உடன்பாடு செய்திருப்பினும், யாவரும் காண மேடை மீதே அதனைப் பகிர்தல் வேண்டும். முதன்மைப் போரில் வீரரிருவரும் அவையிலிருக்கும் பெருமக்களுள் இரு நடுவரைத் தேர்வர். வழக்கு எழுந்தால் அவர் முடிவே முடிவு. அவ்விருவரும் மாறுபட்டால் அவர்களே மூன்றாமவர் ஒருவரைத் தேர, அவர் தீர்ப்பார். விழுந்து கிடப்பவனை அடித்தலும், தொடையையோ காற்சட்டையையோ இடுப்பின்கீழ் வேறெப்பகுதியையோ பற்றுதலும் ஆகா. முழந்தாளிட்டு நிற்பவனும் விழுந்தவனாகவே கருதப்படுவான்.

இறுதி விதியைக் கண்டபோது, தமிழ் பயிலும் நமக்குப் புறப்பொருள் வெண்பாமாலை கூறும் தழிஞ்சித் துறை நினைவில் எழுந்தது. தோற்றுப் புறங்கொடுப்போர்மீது வாளோச்சாத வீரத்தையே அத்துறை சிறப்பிக்கின்றது. முழந்தாளில் நிற்பவனையும் விழுந்தோர் கணக்கிற் சேர்த்தது கூரிய அறிவு. உண்மையில் சாய்ந்தானா, சாய்வதுபோல் நடிக்கின்றானா என்று சினத்தில் நிற்பவன் ஆராய்ந்து கொண்டிரான். முழந்தாள் பலகையைத் தொட்டதா என்பதையோ எவரும் கண்ணாற் காணலாம். இடுப்பின்கீழ் பற்றுதலைத் தடுத்த அவ்விதி, அங்கே குத்துதலை வெளிப்படையாகக் கூறவில்லை என்பதும் கருதத்தக்கது.

இவ்வேழனையும் இரக்கத்தின் விளைவாகவே கூறி முடிப்பது எளிது. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அரை நிமிடக் கணக்கும், இரு நடுவரும், மேடையில் பகிரும் பணமும் பந்தயம் கட்டும் செல்வர் பூசலிடாதிருத்தற்கு வேண்டிய ஏற்பாடுகளே. வழக்குகளைத் தவிர்ப்பதே நோக்கமென்று சில விதிகள் தாமே கூறுகின்றன. அரங்கத்தின் உடைமையாளர் பிராட்டனேயாதலின், ஒழுங்குள்ள இடத்துக்கே செல்வர் வருவர் என்பதை அவர் நன்கறிந்திருப்பார். எனினும் ஏழாம் விதியால் எந்தப் பந்தயக்காரனுக்கும் நேரே ஆதாயமில்லை. துன்பமும் வாணிபமும் ஒரே உள்ளத்தில் கூடி ஒரு நற்செயலை ஆக்கியிருக்கலாம் என்று கொள்வதே நேர்மையென எண்ணுகின்றோம்.

அவ்விதிகளில் பெரிய குறைகள் இரண்டு இருந்தன. முதலாவது, தவற்றுக்கு அளவான தண்டனை இல்லை. புள்ளியிட்டு வெற்றி காணும் வழக்கமே அன்று தோன்றாமையால், சிறு தவறு செய்தவனுக்கு ஒரு புள்ளி குறைப்பது என்பது எண்ணவும் முடியாதது. முழுப்போரையும் அவன் இழந்தான் எனத் தீர்க்க வேண்டும், அல்லது கண்டும் காணாதது போல் விட வேண்டும். பெரும் பணம் பந்தயத்தில் கிடக்கும்போது பின்னதற்கே மனம் சாய்தல் இயற்கையன்றோ? இரண்டாவது குறை கொடியது. விழுந்தவனைக் காக்க விதியிருந்தது. எழுந்து நின்றும் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவனைக் காக்க ஒன்றுமில்லை. நடுவர் வழக்கைத் தீர்ப்பவரேயன்றிப் போரை நிறுத்துபவரல்லர். அவ்வதிகாரம் துணைவன் ஒருவனிடமே இருந்தது. அவனோ பந்தயம் கட்டியோரின் கண்முன் நிற்பவன்.

இடையில் அவர் செய்த மற்றொரு நன்மையையும் சொல்லிவிடுதல் வேண்டும். 1747-இல் ஹேமார்க்கெட் பகுதியில் மேன்மக்களுக்குக் குத்துச்சண்டை கற்பிக்க ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கியபோது, கண்ணும் தாடையும் மூக்கும் சிதையாவண்ணம் பஞ்சு போன்றவை அடைத்த கையுறைகள் அணிவிக்கப்படும் என்று விளம்பரம் செய்தார். மேன்மக்கள் முகத்துக்குக் கிடைத்த அவ்வுறை, பரிசுக்குப் பொரும் ஏழையின் முகத்துக்கு வந்து சேர நூறாண்டுகளுக்கு மேலாயிற்று.

பிராட்டனை ஆதரித்தோருள் தலையானவர், இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகனாகிய கம்பர்லந்துக் கோமகன். அவர் ஆதரவால் அரசரின் மெய்காவலர் படையிலும் பிராட்டனுக்கு இடம் கிடைத்தது. 1750-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், நார்விச் நகரத்து இறைச்சி வெட்டுவோனாகிய ஜாக் ஸ்லாக் என்பவனோடு அவர் பொர நேர்ந்தது. பந்தயக் களமொன்றில் இருவர்க்கும் நேர்ந்த வாய்ச்சண்டையே காரணமென்பர். பிராட்டனுக்கு வயது நாற்பத்தைந்தைக் கடந்துவிட்டது. வெற்றியில் ஐயமில்லையென்று அவர் போதிய பயிற்சியும் செய்யவில்லை. ஸ்லாக் வராதிருந்துவிடுவானோ என்று அஞ்சி, அவனுக்குப் பத்துக் கினி கொடுத்து உறுதி செய்தார் என்றும் கூறுவர். தொடக்கத்தில் பிராட்டன் கையே ஓங்கியிருந்தது. திடீரென ஸ்லாக் அவருடைய இரு கண்களுக்கும் இடையே ஒரு குத்து விட்டான். முகம் வீங்கிக் கண்கள் மூடிக்கொண்டன.

அவையோர் சிறிது நேரம் நிகழ்ந்ததை அறியவில்லை. எதிரி எங்கே நிற்கின்றான் என்று காணாமல் பிராட்டன் மேடையில் தடுமாறினார். அவர் அஞ்சிவிட்டார் என்று கருதிய கோமகன் கீழிருந்து கூவி வினவ, தாம் தோற்கவில்லையென்றும், கண் தெரியவில்லையென்றும், எதிரியின் நேரே தம்மைக் கொண்டு நிறுத்தினால் இன்னும் வெல்லக்கூடுமென்றும் பிராட்டன் மறுமொழி கூறினாராம். அவர் வகுத்த விதிப்படி ஒரு குற்றமும் நடக்கவில்லை. ஸ்லாக் விழுந்தவனை அடிக்கவில்லை, இடுப்பின்கீழ் பற்றவில்லை. குருடாகி நின்ற மனிதர் விதியின் கண்ணுக்கு நலமுடையவரே. போர் தொடங்கிப் பதினான்கு நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. கோமகன் இழந்த தொகை பதினாயிரம் பவுன் என்பர். பிராட்டன் தம்மை விற்றுவிட்டார் என்றே அவர் ஐயுற்றார். அரங்கமும் விரைவில் மூடப்பட்டது. கண்ணிழந்து நின்றவரின் துயரைவிடப் பந்தயப் பணத்தின் துயரே அவ்வவையில் பெரிதாயிருந்தமை நம் மனத்தை வருத்துகின்றது.

அவ்விதிகளோ அரங்கத்தோடு மறையவில்லை. ஏறத்தாழ நூறாண்டுகள் ஆங்கில நாட்டுக் குத்துச்சண்டைக்கு அவையே அடிப்படை. 1838-இல் ஓவன் ஸ்விஃப்டோடு பொருத வில்லியம் ஃபெல்ப்ஸ் என்பவர் இறந்தபின், இலண்டன் பரிசுமேடை விதிகள் என்னும் புதியவை எழுந்தன. தலையால் முட்டுதல், கடித்தல், உதைத்தல் முதலியன அவற்றில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டன. மீண்டும் ஒரு சாவு நேர்ந்த பின்னரே சட்டம் ஓரடி முன்னேறிற்று. 1867-இல் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ் வகுத்து, குவீன்ஸ்பரிப் பிரபுவின் பெயரால் வெளிவந்த விதிகள் மூன்று நிமிடச் சுற்றையும், ஒரு நிமிட ஓய்வையும், விழுந்தவன் எழப் பத்து வினாடிகளையும், கையுறையையும் கொணர்ந்தன. கீழேயிருந்து வழக்குத் தீர்த்த நடுவர் காலப்போக்கில் மேடைமேல் ஏறி இருவரிடையே நிற்பவரானார். தொழில்முறைக் குத்துச்சண்டையில் இன்று ஒரு சுற்றில் மேம்பட்டவனுக்குப் பத்துப் புள்ளியும் மற்றவனுக்குப் பெரும்பாலும் ஒன்பதும் இடுவர். தவறு செய்தவனை நடுவர் எச்சரிக்கலாம், புள்ளியைக் குறைக்கலாம், போரிலிருந்தே விலக்கலாம். ஒரு புள்ளி என்பது சிறிதாகத் தோன்றும். ஆனால் பத்துக்கு ஒன்பது என்று வென்ற சுற்று, ஒன்றைக் குறைத்த அளவில் ஒன்பதுக்கு ஒன்பதாகி வெற்றியே மறைந்துவிடும். 1997-இல் மைக் டைசன் எதிரியாகிய ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தபோது நடுவர் மில்ஸ் லேன் முதலில் இரு புள்ளிகளைக் குறைத்தார். மீண்டும் கடிக்கவே அவரைப் போரிலிருந்து விலக்கினார். தன்னைக் காத்துக்கொள்ள இயலாது நிற்பவனைக் கண்டால், அவன் விழாவிடினும், அவன் மறுப்பினும், போரை நிறுத்தும் உரிமையும் கடமையும் இன்று நடுவருக்கு உண்டு. 1750-இல் பிராட்டனருகே அத்தகையவர் ஒருவரும் இலர்.

தோல்விக்குப் பின் அவர் வறுமையுறவில்லை. பழம்பொருள்களும் வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்களும் விற்கும் வாணிபம் நடத்தி, மெய்காவலர் பதவியையும் விடாது வகித்து, லாம்பெத் பகுதியில் அமைதியாக வாழ்ந்தார். 1789-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 8-ஆம் நாள் காலமானார். அவர் விட்டுச் சென்ற செல்வம் ஏறத்தாழ ஏழாயிரம் பவுன். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் தாழ்வாரத்தில் அவர் பெயரும் மனைவி எலிசபெத்தின் பெயரும் பொறித்த கல் ஒன்றுண்டு. ஆங்கில நாட்டின் தலைசிறந்த பரிசுப்போர் வீரர் என்ற சொற்களையும் அதில் பொறிக்க வேண்டுமென அவரைச் சார்ந்தோர் விரும்பினர். அது தூய இடத்துக்குத் தகாதென ஆலயத் தலைவர் தடுக்கவே, அவ்விடம் வெறுமையாக விடப்பட்டது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே அச்சொற்கள் அக்கல்லில் ஏறின.