நோயைக் கணக்கிட்ட பெரியார்: சேர் றொனால்ட் றொஸ்

நோயுற்றோரைக் கண்டு ஆறுதல் கூறுதலை நம்மவர் தலையாய கடமையாகப் போற்றுவர். கையிலே பழமும் சுடுநீர்ப் போத்தலுமாக உறவினர் கூட்டங் கூட்டமாக வைத்தியசாலைக்குச் செல்வதை நாடோறும் காண்கின்றோம். சென்ற ஆண்டு எம் பாட்டியார் நோயுற்றுக் கிடந்தபோது நாமும் அவ்வாறே சென்றோம். பாட்டியாரின் காற்புண்ணிற் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துவிட்டு, அடுத்த கட்டிலிற் கிடந்த முதியவருக்கு நீர் பருக்கினோம். அதனைக் கண்ட தாதியார், கையைக் கழுவினீர்களா என்று கேட்டார். நாம் கழுவவில்லை. எத்தனையோ கைகள் தொடும் இவ்விடத்திலே எமது ஒரு கை கழுவியென்ன, கழுவாமலென்ன என்று அன்று மனத்துள் எண்ணினோம். அவ்வெண்ணம் பிழையென எமக்கு உணர்த்தியது ஒரு பெரியாரின் வரலாறு. அவர் கைகளை ஆராய்ந்தவரல்லர், நுளம்புகளை ஆராய்ந்தவர். அவரே சேர் றொனால்ட் றொஸ்.

1857 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆம் திகதி, இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவிலே றொஸ் பிறந்தார். மீரட் நகரிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து அப்போது மூன்று நாட்களே ஆகியிருந்தன. தந்தையார் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையில் அதிகாரி. எட்டு வயதிலே கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட றொஸுக்குக் கவிதையும் இசையும் ஓவியமும் இனித்தன, கணிதமும் இனித்தது. ஆனால் மகன் வைத்தியனாதல் வேண்டுமென்பது தந்தையாரின் ஆணை. 1874 இல் லண்டனிலுள்ள சென் பார்த்தலோமியு வைத்தியசாலையிற் சேர்ந்தார். மனம் பற்றாத படிப்பாதலின் சிறந்த மாணவரென்று பெயரெடுத்தாரல்லர். 1881 இல் இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். அங்கே ஓய்வு மிகுதியாக இருந்தது. அவ்வோய்வை வீணாக்காது, ஆசிரியர் ஒருவருமின்றிக் கணித நூல்களைத் தாமே கற்றார். பயனற்ற பொழுதுபோக்கெனப் பிறர் எண்ணியிருக்கக்கூடிய அக்கல்வியே பின்னாளிற் பெரும் பயன் தந்தது.

1894 இல் லண்டனிலே பற்றிக் மான்சன் என்னும் வைத்தியப் பேரறிஞர், மலேரியாக் கிருமியை நோயாளியின் இரத்தத்தில் றொஸுக்குக் காட்டினார். அக்கிருமி நுளம்பின் வழியாகப் பரவக்கூடுமென்ற ஐயத்தையும் எடுத்துரைத்தார். அதனை மெய்ப்பிக்கும் ஆவலோடு றொஸ் இந்தியாவுக்கு மீண்டார். சிக்கந்தராபாத்தின் வெப்பத்திலே அவர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. வியர்வையால் நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருவேறின. விசிறியை அசைத்தால் நுளம்புகள் பறந்துவிடுமென்று அதனையும் நிறுத்திவிட்டார். ஹுசேன்கான் என்னும் நோயாளி, நுளம்பொன்றுக்கு ஓர் அணா கூலி பெற்றுத் தம்மைக் கடிக்கவிட்டார். 1897 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20 ஆம் திகதி, அனோபெலிஸ் நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரிலே மலேரியாக் கிருமியை றொஸ் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவிலே பறவை மலேரியாவை ஆராய்ந்து, கிருமி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடியின் வழியே பரவுவதை நிறுவினார். 1902 இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

புகழோடு பூசலும் வந்தது. முதலிற் கண்டவர் யாவரென்று இத்தாலிய அறிஞர் கிராசியோடு நெடுங்காலம் வழக்காடினார். பெரியோரிடத்தும் சிறுமை சில உண்டென்பதை மறைத்தல் முறையன்று. ஆயினும் அவரை உண்மையில் வருத்தியது வேறொன்று. நுளம்பைக் குறைத்தால் மலேரியா குறையுமென அவர் கூறியதைப் பலர் நம்பவில்லை. லாகூருக்கு அண்மையிலுள்ள மியன்மீர் என்னும் படைத்தளத்தில் 1901 இல் தொடங்கிய நுளம்பொழிப்பு வேலை பயன் தரவில்லையென அறிக்கை வெளிவந்தது. எல்லா நுளம்புகளையும் எவராற் கொல்ல முடியும்? கொன்றாலும் வெளியிலிருந்து வேறு வாராவோ? இவ்வாறு கேட்டவர்களுக்குச் சொல்லால் விடை கூறிப் பயனில்லையென உணர்ந்த றொஸ், கணக்கால் விடை கூறத் துணிந்தார்.

1904 இல் அமெரிக்காவின் சென் லூயி நகரிற் கூடிய அறிஞர் மகாநாட்டிலே, திக்கின்றி இங்குமங்கும் பறக்கும் நுளம்புகளுட் பெரும்பாலானவை பிறந்த இடத்துக்கு அண்மையிலேயே தங்குமென்பதைக் கணித முறையாற் காட்டினார். பின்னர் மலேரியாவால் நலிந்த மொறீசியஸ் தீவுக்குச் சென்று ஆராய்ந்து, 1908 இல் வெளியிட்ட அறிக்கையிலே நோய் பரவும் அளவுக்கு ஒரு சமன்பாடு வகுத்தார். 1911 இல் வெளிவந்த தமது நூலின் இரண்டாம் பதிப்பில் அதனை வகையீட்டுச் சமன்பாடுகளாக விரித்தார்.

அவர் கண்ட உண்மையை எளிய கணக்காற் காண்போம். ஓரூரில் நூறு நோயாளர் உளர் எனக் கொள்வோம். ஒவ்வொருவரும் தாம் குணமடையுமுன் நுளம்பின் வழியாக இருவருக்கு நோயைக் கொடுப்பின், நூறு இருநூறாகும்; இருநூறு நானூறாகும். நுளம்புகளைப் பாதிக்குச் சற்று மேலாகக் குறைத்துவிட்டால், நூறு பேர் தொண்ணூறு பேருக்கே கொடுப்பர். அத்தொண்ணூறு பேர் எண்பத்தொரு பேருக்கே கொடுப்பர். இவ்வாறு தேய்ந்து நோய் தானே மாயும். இறுதி நுளம்பு வரை கொல்ல வேண்டியதில்லை. ஓர் எல்லைக்குக் கீழே கொணர்ந்தாற் போதும். முழுதும் முடியாதென்று கைகட்டி இருந்தோருக்கு, முழுதும் வேண்டா, இவ்வளவு போதும் என்று அளவு காட்டியதே றொஸ் செய்த பேருதவி. 1916, 1917 ஆம் ஆண்டுகளில் ஹில்டா ஹட்சன் என்னும் கணித அம்மையாரோடு சேர்ந்து, எல்லாத் தொற்றுநோய்க்கும் பொருந்துமாறு இக்கணிதத்தை விரிவாக்கினார். 1932 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆம் திகதி, லண்டனிலே தம் பெயரால் அமைந்த வைத்திய நிலையத்திலேயே உயிர் நீத்தார்.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளில், 1934 இல், நம் இலங்கையிலே மலேரியா பெருங்கொள்ளையாக மூண்டு ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கவர்ந்தது. பின்னர் நுளம்பொழிப்பு வேலையால் 1963 இல் நோயாளர் தொகை பதினேழாகச் சுருங்கியது. காவல் தளர்ந்ததும் அப்பத்தாண்டின் இறுதியிலேயே அது இலட்சக்கணக்காகப் பெருகியது. 2016 இலேயே நம் நாடு மலேரியா அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எல்லைக்குக் கீழே கொணர்தல் மட்டும் போதாது, அங்கேயே வைத்திருத்தலும் வேண்டும் என்பது நாம் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம்.

இனி வைத்தியசாலைக்கு வருவோம். றொஸின் கணிதத்தை அவருக்குப் பின் ஜோர்ஜ் மக்டொனால்ட் என்னும் அறிஞர் வளர்த்தார். 1999 இல், அமெரிக்காவின் சிக்காகோ நகர வைத்தியசாலையொன்றின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலே, மருந்துக்கு அடங்காத கிருமியொன்று பரவியதை ஆராய்ந்தோர் அக்கணிதத்தையே எடுத்தாண்டனர். அவர்கள் நுளம்பு இருந்த இடத்திலே வைத்தியரும் தாதியருமாகிய பணியாளரின் கைகளை வைத்தனர். நுளம்பு ஒருவரைக் கடித்துப் பின் மற்றவரைக் கடிப்பது போல, கையும் ஒரு நோயாளியைத் தொட்டுப் பின் மற்றவரைத் தொடுகின்றது. கை கழுவுதல் நுளம்பைக் கொல்லுதலுக்கு ஒப்பாகும். ஒரு தாதி சில நோயாளரை மட்டுமே பேணுமாறு பிரித்து வைத்தல், நுளம்பு பறக்கும் எல்லையைச் சுருக்குதலுக்கு ஒப்பாகும். தடுப்பு முறை இல்லாவிடின், கிருமியுள்ள ஒருவரிடமிருந்து மூவர் நால்வருக்கு அது பரவியிருக்கும். இம்முறைகளால் ஒருவருக்கும் குறைவாகவே பரவியது. எல்லாரும் எப்போதும் தவறாது கழுவினாரல்லர். ஆயினும் எல்லை கடக்கப்பட்டது. கிருமி முற்றாக அகலாமைக்குக் காரணம், அதனை ஏற்கனவே உடலிற் கொண்ட நோயாளர் புதிதாக வந்து சேர்ந்துகொண்டிருந்தமையே. ஆதலின் காவலை ஒருநாளும் தளர்த்தலாகாது.

வாலிப அன்பர்களே, எமது ஒரு கை கழுவியென்ன என்று அன்று நாம் எண்ணினோமன்றோ? றொஸின் கணக்கிலே அதற்கு விடை உண்டு. நூறு இருநூறாவதும் தொண்ணூறாவதும் பல சிறு செயல்களின் கூட்டுத்தொகையே. அத்தொகையில் எம் கையும் ஓர் எண். பாட்டியார் குணமடைந்து வீடு திரும்பினார். அடுத்த கட்டிலிற் கிடந்த முதியவர் என்னவானாரென்று நாம் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். இப்போது நோயாளரைக் காணச் செல்லும்போதெல்லாம் வாயிலிலே ஒருமுறையும், ஒரு கட்டிலை விட்டு மற்றொன்றுக்குச் செல்லுமுன் ஒருமுறையும் கை கழுவுகின்றோம். அப்பெரியாருக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவேயாகும்.