தனித்துக் கற்ற மாணாக்கர்: டாக்டர் மு. வரதராசனார்

காட்பாடியில் இரயிலேறி, தோல் வாணிகத்திற்குப் பேர்பெற்ற ஆம்பூரையும் வாணியம்பாடியையும் கடந்து, சோலையார்ப்பேட்டையில் இறங்குவோர்க்குத் திருப்பத்தூர் மிக அணித்து. 2019ஆம் ஆண்டில் தனி ஜில்லாவின் தலைநகராகிய அவ்வூர், முன்னர் வடஆர்க்காட்டைச் சேர்ந்ததொரு சிறு நகரம். ஆங்கே தமிழ் கற்று, ஆங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தவர் டாக்டர் மு. வரதராசனார். அவர்தம் நாவல்களையும் திருக்குறள் தெளிவுரையையும் அறியாத தமிழ் மாணவர் அரியர். ஆயின் அவர் எவ்வாறு கற்றார் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்திலர்.

அவர் 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் முனுசாமி முதலியாரும் அம்மாக்கண்ணு அம்மையாரும் ஆவர். இட்ட பெயர் திருவேங்கடம். பாட்டனாரின் பெயராகிய வரதராசன் என்பதே பின்னர் நிலைத்தது. குடும்பத்திற்குரிய ஊர் வாலாஜாவை அடுத்த வேலம்.

உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் கலாசாலைக்குச் சென்றாரல்லர். திருப்பத்தூர்த் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அவ்வுத்தியோகம் நெடுநாள் நீடிக்கவில்லை. தேகம் நலிவுற்றமையால் அதனை விட்டு விலக நேர்ந்தது. வாலிபன் ஒருவன் வேலையையும் இழந்து நோயிலும் விழுவானாயின், அவனைப் பற்றி ஊரார் பேசுவது யாதென்பதை நாம் அறிவோம். அவரோ அக்காலத்தைத் தமிழுக்கு ஆக்கினார். திருப்பத்தூர் முருகைய முதலியார் என்னும் புலவர் அவர்க்கு ஆசிரியராய் வாய்த்தார். 1931ஆம் ஆண்டில் வித்துவான் முதனிலைத் தேர்விலும், 1935ஆம் ஆண்டில் வித்துவான் தேர்விலும் தேறினார். இறுதித் தேர்வில் சென்னை இராஜதானி முழுமைக்கும் அவரே முதல்வர். திருப்பனந்தாள் மடத்தார் அளித்த ஆயிரம் ரூபாய்ப் பரிசிலும் அவர்க்கே உரியதாயிற்று.

இவ்வெற்றியினும் அதற்கு முற்பட்ட நான்கு ஆண்டுகளே எனக்கு வியப்பைத் தருகின்றன. வருகைப் பதிவேடு இல்லை, மணியோசை இல்லை, உடன் பயிலும் வகுப்பு இல்லை. ஐயம் வந்துழித் தெளிவிக்க ஓர் ஆசிரியர் உண்டு. ஏனைய நேரமெல்லாம் மாணாக்கரின் பொறுப்பு. நம் பக்கத்துப் பழைய முறையில் தோலானது ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறுதல் வேண்டும், விரைவுபடுத்தின் பதங்கெடும். இலக்கண நூல்களும் அத்தன்மையனவே. கூடாரத் தொழில் செய்துகொண்டே ஊழியத்தை நடத்திய பவுல் அப்போஸ்தலரை அறிந்த நமக்கு, ஒருவர் தம் நாளைத் தாமே பகுத்தாளுதல் புதிய செய்தியன்று. எனினும் செய்தற்கு அரிது. 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் அடைபட்டுப் பாடங்கள் கைபேசியின் வழியே வந்தபோது அவ்வருமையை யாமே கண்டோம். பாடம் எல்லார்க்கும் ஒன்றே, கேட்டவர் சிலர். அம்மாதங்களில் செருப்புத் தையலுக்குச் சென்ற தோழர் சிலர் பின்னர் வகுப்பிற்கு மீளவேயில்லை. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவர்க்கு ஒரு முருகைய முதலியார் கிடைத்திலர்.

நிற்க. வரதராசனார் திருப்பத்தூர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராயிருந்துகொண்டே மேலும் பயின்று, 1939ஆம் ஆண்டில் பி.ஓ.எல். பட்டம் பெற்றார். அவ்வாண்டே சென்னைப் பச்சையப்பன் கலாசாலை அவரை விரிவுரையாளராக ஏற்றது. கலாசாலை மாணவராக ஒருநாளும் இராதவர் கலாசாலை ஆசிரியரானார்! ஆங்கும் அவர் கற்றலை நிறுத்தினாரில்லை. தமிழ் வினைச்சொற்களை ஆராய்ந்து 1944இல் எம்.ஓ.எல். பட்டமும், சங்க இலக்கியத்தில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து 1948இல் டாக்டர் பட்டமும் பெற்றார். சென்னைச் சர்வகலாசாலையில் தமிழுக்கென டாக்டர் பட்டம் பெற்றவருள் அவரே முதல்வர்.

அவர் எழுதிய நாவல்கள் பல. அவற்றுள் அகல் விளக்கு 1961ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றது. ஆயினும் தம்பிக்கு, தங்கைக்கு முதலிய கடித நூல்களையே யான் மிகுதியும் விரும்புவேன். எதிரில் இராத மாணவர்க்கும் பாடஞ் சொல்லலாம் என்பதை அவை காட்டுகின்றன. கிறிஸ்தவத் திருச்சபையார் நிறுவிய அமெரிக்க ஊஸ்டர் கலாசாலை 1972இல் அவர்க்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிற்று என்பது நம்போன்ற கலாசாலையார்க்குத் தனி மகிழ்ச்சி.

1971ஆம் ஆண்டில் மதுரைச் சர்வகலாசாலையின் துணைவேந்தரானார். வகுப்பிற்கு வர இயலாத குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் வீட்டிலிருந்தே பயின்று பட்டம் பெறுதற்குரிய அஞ்சல்வழிக் கல்வி அச்சர்வகலாசாலையில் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். அப்பதவியில் இருக்கும்போதே, 1974ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், அறுபத்திரண்டாம் வயதில் காலமானார்.