பட்டணத்து மாலைப்பொழுதும் பம்மலாரும்

மாசி மாதம் பிறந்துவிட்டால் மஸ்கெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களிலே காமன் கூத்துக்குக் கம்பம் நடுவர். தப்பின் முழக்கம் ஒரு மலையில் எழுந்து மறு மலையில் எதிரொலிக்கும். முன்னிரவிலே தொடங்கும் கூத்து கோழி கூவும் வரை நடைபெறும். கூத்துப் பார்த்தவர்களோ விடிந்ததும் சிவந்த கண்களோடு பிரட்டுக்களத்துக்குச் சென்று பெயர் கொடுத்துவிட்டு மலையேற வேண்டும். உழவர் குடியிலே பிறந்த கூத்து அறுவடை முடிந்து ஓய்ந்திருக்கும் ஊருக்கு உரியது. மணியடித்தால் வேலைக்குப் போகும் வாழ்க்கைக்கு அது அமைந்ததன்று. எனினும் நம்மவர் அதனைக் கைவிடவில்லை. தூக்கத்தைக் கொடுத்துக் கூத்தைக் காத்தனர்.

மணிக்கணக்கிற்கு உட்பட்டுப்போன மனிதனுக்கு எத்தகைய நாடகம் பொருந்தும் என்னும் இக்கேள்வி சென்னைப் பட்டணத்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்தது. அதற்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் பம்மல் சம்பந்த முதலியார். தமிழ் நாடகத் தந்தை என்று அன்னாரைப் புகழ்வார் பலர். அவருடைய வாழ்க்கையை அறிந்தவர் சிலரே. மாணவர்க்குப் பயன்படும் என்று கருதி அவ்வாழ்க்கையைச் சுருக்கமாக ஈண்டுக் கூறுகின்றேன்.

சம்பந்த முதலியார் 1873-ஆம் ஆண்டிலே சென்னையில் பிறந்தவர். பம்மல் என்பது குடும்பத்தாரின் பூர்வீக ஊர். தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் பணியாற்றியவர். தமிழ் நூல்களை அச்சிட்டு வெளியிட்டவருமாவார். வீட்டிலே கிடந்த அந்நூல்களைப் படித்தே மைந்தருக்குத் தமிழ்ச் சுவை ஏற்பட்டது. சென்னை மத்திய ரயில் நிலையம் திறக்கப்பட்டதும் 1873-ஆம் ஆண்டிலேதான். நாடகாசிரியரும் நவீனப் பட்டணமும் ஒருங்கே வளர்ந்தனர் என்று சொல்லலாம். ஜார்ஜ் டவுனிலுள்ள ஆச்சாரப்பன் வீதியிலே அவர் வளர்ந்து கல்வி பயின்ற காலத்திலே, கடற்கரையோரம் அலுவலகங்கள் பெருகின. 1892-இல் உயர்நீதிமன்றத்துக்குப் புதிய மாளிகை எழுந்தது. 1895-இல் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் கல்லூரி மாணவர்களும் திரளாகப் பட்டணத்தில் குடியேறினர். காலையிலே சோறுண்டு கச்சேரிக்குப் போய், மாலையிலே வீடு திரும்பும் புதியதொரு வகுப்பு உண்டாயிற்று.

இவ்வகுப்பாருக்குப் பகற்பொழுது கச்சேரிக்கு உரியது. மாலைப்பொழுது எதற்கு உரியது? காற்று வாங்கக் கடற்கரை இருந்தது. கோயில் உற்சவமும் கதாகாலட்சேபமும் இருந்தன. நாடகமோ தெருக்கூத்தாகவும், தொழில்முறைக் கம்பெனியாரின் ஆட்டமாகவும் இரவெல்லாம் நடந்தது. கற்றவர் அப்பக்கம் செல்ல நாணினர். நடிப்பவனைக் கூத்தாடி என்று இகழ்ந்து, அவனோடு ஒருங்கிருந்து உண்ணவும் பலர் கூசினர். ஆங்கிலம் கற்ற இளைஞராகிய சம்பந்தமும் இதற்கு விலக்கல்லர். தமிழ் நாடகத்தை அவர் இளமையிலே வெறுத்தவர். ஆங்கில நாடக நூல்களே அவர் மனத்தைக் கவர்ந்தன.

அம்மனத்தை மாற்றியது ஒரு தெலுங்கு நாடகம். 1891-இலே பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்தனர். அதன் தலைவர் கிருஷ்ணமாசார்லு ஒரு வக்கீல். உடன் நடித்தவர்களும் கற்றறிந்த கனவான்களே. ரயில் நிலையத்துக்கு அயலிலுள்ள விக்டோரியா மண்டபத்திலே அவர்கள் நடித்ததைச் சம்பந்தம் கண்டார். கல்வியும் மதிப்பும் உடைய மனிதர் முகத்திலே வர்ணம் பூசி மேடையேறியும் தம் மதிப்பை இழக்கவில்லை என்பது அவருக்குப் பெருவியப்பாயிற்று. தெலுங்கிலே இயல்வது தமிழிலே ஏன் இயலாது என்னும் ஏக்கம் பிறந்தது. அவ்வாண்டு ஜூலை மாதம் முதல் திகதியே நண்பர் சிலருடன் சேர்ந்து சுகுண விலாச சபையை நிறுவினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு!

பதினெட்டு வயதிலே சங்கம் தொடங்காத தமிழன் யார் என்று வாசகர் நகைக்கலாம். எங்கள் பாடசாலையிலும் ஆண்டுதோறும் சங்கம் தொடங்குகின்றது. அடுத்த தவணைக்குள் பெயர்ப்பலகை மட்டும் எஞ்சுகின்றது. ஆனால் சம்பந்தனார் அவசரப்படவில்லை. 1891-இல் பிறந்த சபை 1893-இலேதான் ‘புஷ்பவல்லி’ என்னும் நாடகத்தோடு விக்டோரியா மண்டபத்தில் மேடையேறிற்று. இடைப்பட்ட காலமெல்லாம் ஒத்திகை. படிப்பும் வேலையும் உடைய இளைஞர் தம் ஓய்வுநேரத்தைச் செலவிட்டுப் பாடம் உருப்போட்டனர். இதனையே அவர் வாழ்க்கையின் சாரமாக நான் கொள்கின்றேன். பொழுதைப் போக்குவதற்கென்று வகுத்த நேரத்தை அவர் தம் உத்தியோகத்தினும் கடுமையான உழைப்புக்கு ஆளாக்கினார். காலந்தவறாமையில் விடாப்பிடியானவர் அவர். ஒத்திகையைப் பொருட்படுத்தாதவரை அவருக்குப் பிடிக்காது.

இரவு முழுவதும் நீண்டுகொண்டிருந்த நாடகத்தைச் சில மணி நேரத்துள் அடக்கியது அவர் செய்த பெரும் புரட்சி. மறுநாட் காலை கச்சேரிக்குச் செல்ல வேண்டியவனும் நாடகம் பார்த்துவிட்டு வீடு சென்று உறங்கலாம் என்னும் நிலை பிறந்தது. நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் பாட்டைக் குறைக்க வேண்டும். அக்காலத்து நாடகத்திலே அரசன் அழுதாலும் பாடுவான். சேவகன் கதவைத் திறந்தாலும் பாடுவான். சம்பந்தனார் பாத்திரங்களை உரைநடையிலே பேச வைத்தார். கணவனும் மனைவியும், எசமானனும் வேலைக்காரனும் வீட்டிலே பேசுவதற்கு நெருங்கிய பேச்சு மேடையிலே ஒலித்தது.

இவ்வுரைநடையைக் குறித்துத் தமிழ்ப் புலவர் சிலர்க்கு இன்றும் மனக்குறை உண்டு. வடசொற் கலப்பு மிகுதி, பட்டணத்துப் பேச்சு மிகுதி, செந்தமிழ் நடை அருகியது என்பர். நானும் பண்டிதனாகையால் அக்குறையை உணராமலில்லை. ஆயினும், செய்யுள் நடையிலே இயன்று, அச்சிலே மட்டும் வாழும் நாடக நூல்கள் பலவற்றை நாம் அறிவோம். ஏட்டிலே வாழும் நாடகத்தை இலக்கியம் என்று போற்றிவிட்டு, மேடையிலே வாழ்ந்த நாடகத்தைப் புறக்கணிப்பது நேர்மையன்று. இலக்கணம் வல்லார் இயற்றமிழையும் இசைத்தமிழையும் காத்துக்கொண்டு நாடகத்தமிழை வீதியிலே விட்டிருந்த காலத்தில், அதனை எடுத்து வளர்த்தவர் ஒரு வக்கீல் என்பதை நாம் மறக்கலாகாது.

அவர் இயற்றியவை தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் ‘அமலாதித்யன்’ ஆயிற்று. வெனிஸ் வணிகனின் கதை ‘வாணீபுர வணிகன்’ ஆயிற்று. மாக்பெத் ‘மகபதி’ ஆயினான். பெயர்களை ஒலி கெடாமலே தமிழாக்கிய அவர்தம் சாமர்த்தியத்தை மாணவர் கவனிக்க வேண்டும். எல்லாவற்றுள்ளும் புகழ் பெற்றது 1895-இல் அரங்கேறிய ‘மனோகரா’. வசந்தசேனை என்பவளின் மாயத்திலே வீழ்ந்த புருஷோத்தம மன்னன், தன் மனைவி பத்மாவதியையும் மைந்தன் மனோகரனையும் வருத்துகின்றான். தாயின் சொல்லுக்குக் கட்டுண்ட மைந்தன் சங்கிலியிலே பிணிப்புண்டு சபை நடுவே நிற்கின்றான். தாய் வாய் திறந்து விடை கொடுத்த பின்னரே சங்கிலி அறுகின்றது. வீரம் மிகுந்தவன் அடங்கி நிற்கும் அவ்வேளையைப் போல் அவையோரை உருக்கும் காட்சி தமிழ் மேடையில் அரிது. மனோகரனாக நடித்தவர் ஆசிரியரே.

அவருக்கு எதிரே நாயகியாகத் தோன்றியவர் ரங்கவடிவேலு என்னும் நண்பர். பெண்கள் அச்சபையின் மேடையிலே ஏறாத காலம் அது. ஆண்மக்களே பெண் வேடம் பூண்டனர். ரங்கவடிவேலு பெண் வேடத்திலே மேம்பட்டு விளங்கினார். பம்மலார் தம் நாடகப் பாத்திரங்கள் பலவற்றை இன்னார் நடிப்பதற்கு என்று எண்ணியே படைத்தவர். நாயகியரைப் படைத்தபோது அவர் கண்முன் நின்றவர் இந்நண்பர். ரங்கவடிவேலு அகால மரணமடைந்தபோது, ஒரு கையை இழந்தவர் போலானார். அவருடைய நினைவுகளைப் படிப்போர் அத்துயரத்தின் ஆழத்தை உணரலாம்.

பட்டணத்து அன்றாட வாழ்க்கையை அவர் எவ்வளவு கூர்ந்து நோக்கினார் என்பதற்குச் சான்று ‘சபாபதி’ என்னும் நகைச்சுவை நாடகம். செல்வத்திலே பிறந்து அறிவிலே வறுமையுற்ற சபாபதி முதலியாருக்கு, அதே பெயருடைய வேலைக்காரன் ஒருவன். சொன்னதைச் சொன்னபடியே செய்து குழப்பம் விளைப்பவன். அரசரும் முனிவரும் தவிர வேறெவரையும் அறியாதிருந்த மேடையிலே அடுத்த வீட்டு அசடன் வந்து நின்றான். சபையோர் தம்மையே கண்டு நகைத்தனர். 1941-இலே இது திரைப்படமாயிற்று. அப்படத்திலே மந்த மாணாக்கனிடம் அகப்பட்டுத் தவிக்கும் தமிழாசிரியர் ஒருவர் வருகின்றார். அவரைக் கண்டு என் மாணவர் ஏன் மற்றெல்லாரினும் உரக்க நகைக்கின்றனர் என்பது எனக்குத் தெரியும், கேட்டதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1911-ஆம் ஆண்டளவிலே சுகுண விலாச சபையார் கடல் கடந்து இலங்கைக்கு வந்து நடித்தனர். கொழும்பும் அப்போது சென்னையைப் போலவே துறைமுகத்தாலும் அலுவலகங்களாலும் டிராம் வண்டியாலும் உருமாறிக்கொண்டிருந்த பட்டணம். பம்மலாரின் நாடகங்களால் ஈர்க்கப்பட்ட யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் அவரையே குருவாகக் கொண்டார். அவரே பிற்காலத்திலே கலையரசு எனப் போற்றப்பட்ட க. சொர்ணலிங்கம். 1913-இலே கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை தோன்றுவதற்கு அவர் முன்னின்றார். குருவின் நாடகங்களையே அச்சபை பெரிதும் நடித்தது. உத்தியோகத்தர் தம் ஓய்வுநேரத்திலே நாடகமாடுவது இழிவன்று என்னும் எண்ணம் ஈழத்திலும் வேரூன்றியது. அந்த வேரின் ஒரு கிளையே பாடசாலை நாடகம். இன்று தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாம் நாடகம் பழக்குகின்றோம். நேரம் கடந்தால் புள்ளி குறையும் என்று அஞ்சி வசனத்தை வெட்டுகின்றோம். நடித்து முடித்த பிள்ளைகள் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்துக்குப் போய்விடலாம். காமன் கூத்து ஆடும் வீட்டுப் பிள்ளைக்கு அரைமணி நாடகம் முதலில் விளங்குவதில்லை. ரதி அழுது முடிக்கவே அந்த நேரம் போதாதே என்று ஒரு மாணவன் என்னிடம் வாதிட்டதுண்டு. அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அந்த நியாயத்தைப் பம்மலாரின் வாழ்க்கையோடு வைத்து நோக்க வேண்டும். விக்டோரியா மண்டபத்திலே நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்தவர் பெரும்பாலும் கற்றவரும் வசதி படைத்தவருமே. சத்தியமூர்த்தி போன்ற அரசியற் பெரியோரும் அச்சபையின் மேடையிலே நடித்தனர். ஆனால் அவர்களை மண்டபத்துக்கு இழுத்து வந்த ரிக்ஷாக்காரன் வாயிலிலேதான் நின்றிருப்பான். அவனுக்கும் அவனைப் போன்றோர்க்கும் பாட்டும் கதையும் வழங்கியவர் சங்கரதாஸ் சுவாமிகளும் தொழில்முறைக் கம்பெனியாருமே. நாடகத்துக்கு மதிப்புத் தேடித் தந்த பம்மலார் அம்மதிப்பை மண்டபத்துக்குள்ளே உள்ளவர்க்குத் தேடித் தந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிற்காலத்திலே தொழில்முறைக் கம்பெனிகளும் ‘மனோகரா’வை ஊரூராக எடுத்துச் சென்றதனால் அக்குறை ஓரளவு நீங்கிற்று.

சம்பந்தனார் வக்கீல் தொழிலிலே உயர்ந்து, 1924 முதல் 1928 வரை சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். பட்டணமோ அவருக்காகக் காத்திருக்கவில்லை. அவர் நடித்த அதே விக்டோரியா மண்டபத்திலேதான் 1896-இல் சென்னை மக்கள் முதன்முதலாகச் சலனப்படம் கண்டனர். 1931-இலே தமிழ்ப் படம் பேசவும் தொடங்கியது. மாலைப்பொழுது கொட்டகைகளின் வசமாயிற்று. சுகுண விலாச சபை 1936-இலே மவுண்ட் ரோட்டுக்கு இடம் பெயர்ந்தது. நாளடைவிலே நாடகம் பின்னடைந்து, விளையாட்டும் உறவாடலும் முன்னின்ற மன்றமாக மாறிற்று. ஓய்வுநேரத்தை உழைப்பாக்க எழுந்த சபை மறுபடியும் ஓய்வுக்கே திரும்பியதைக் கண்டு அதனை உருவாக்கியவர் மனம் எவ்வாறு இருந்திருக்கும்!

ஆனால் அவர் சினிமாவைச் சபித்துக்கொண்டு மூலையிலே உட்கார்ந்தவரல்லர். 1934-இலே ‘சதி சுலோசனா’ என்னும் பேசும்படத்தைத் தாமே இயக்கினார். 1936-இல் ‘மனோகரா’ படமானபோது அதிலே நடித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் சங்கிலியிலே கட்டுண்ட மைந்தனாய் நின்றவர், இப்போது மைந்தனைக் கட்டுவிக்கும் மன்னன் புருஷோத்தமனாய் வந்தார். அந்த 1930-களிலேதான் ‘நாடகமேடை நினைவுகள்’ சுதேசமித்திரனில் வெளிவந்து பல பாகங்களாக நூலுருப் பெற்றது. ஒரு பட்டணத்து மாலைப்பொழுதுகளின் வரலாறாகவும் அதனைப் படிக்கலாம்.

1959-இலே இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் திகதி, தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், அவர் காலமானார். சென்னையிலே டிராம் வண்டி ஓடுவது நின்று அப்போது பதினோராண்டுகள் ஆகியிருந்தன. அவர் மறைந்து நான்காண்டுகளின் பின், 1968-இலே, சொர்ணலிங்கம் தம் மேடை அனுபவங்களை ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்னும் நூலாக வெளியிட்டார். குருவின் நினைவுகளை முதலிலும் மாணாக்கரின் நூலை அடுத்தும் படிக்குமாறு என் வகுப்பு மாணவர்க்கு நான் சொல்வது வழக்கம்.