பாதி உடைந்த திருகாணி

இங்கிலாந்தின் தெற்குப் பக்கத்தில், கடலோரமாக ஹைத் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அந்த ஊரில் தபால் நிலையத் தலைவராக இருந்தவருக்கு 1808ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் ஒரு மகன் பிறந்தான். பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பையனுக்குப் படகு என்றால் உயிர். மரத்தில் சின்னச் சின்னப் படகுகள் செய்வான். கையால் தள்ளாமல், தானாகவே அது ஓட என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே இருப்பான்.

இப்படிப்பட்ட பையன் பெரியவன் ஆனதும் கப்பல் கட்டத்தானே போவான்? அதுதான் இல்லை. ஸ்மித் விவசாயி ஆனார். முதலில் ரோம்னி என்ற சதுப்பு நிலப் பகுதியில் பண்ணை வைத்தார். பிறகு லண்டனுக்குப் பக்கத்தில் இருந்த ஹெண்டனுக்கு வந்தார். பகலெல்லாம் ஆடு, மாடு, புல், வைக்கோல். ஆனால் கை சும்மா இருக்குமா? ஓய்வு கிடைத்தால் மறுபடியும் படகு பொம்மைதான்.

அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களைப் படத்தில் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் பெரிய பெரிய சக்கரங்கள் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிப் பலகைகள் மாட்டியிருப்பார்கள். சக்கரம் சுற்றும்போது அந்தப் பலகைகள் துடுப்பு மாதிரி தண்ணீரைத் தள்ளும். இதைத் துடுப்புச் சக்கரம் என்று சொல்வோம்.

ஆற்றில் இது நன்றாகவே வேலை செய்தது. கடலில்தான் தொல்லை. என்ன தொல்லை தெரியுமா? உயரம்! துடுப்புச் சக்கரம் தண்ணீரில் சரியான ஆழத்தில் இருந்தால்தான் நன்றாகத் தள்ளும். கப்பல் புறப்படும்போது வயிறு நிறைய நிலக்கரி. அதனால் கப்பல் தாழ்ந்திருக்கும், சக்கரமும் அளவுக்கு மேல் மூழ்கிவிடும். போகப் போக நிலக்கரி எரிந்து தீரும், கப்பல் லேசாகி மேலே எழும். அப்போ பலகைகள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் சுற்றும். அலையில் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் இன்னும் மோசம். ஒரு சக்கரம் தண்ணீருக்குள்ளே, இன்னொரு சக்கரம் காற்றிலே! போர்க்கப்பலுக்கு வேறு ஒரு ஆபத்தும் உண்டு. எதிரியின் குண்டு ஒன்று சக்கரத்தில் பட்டால் போதும், கப்பல் நின்றுவிடும்.

ஸ்மித் வேறு மாதிரி யோசித்தார். மரத்துக்குள் திருகாணியைத் திருகினால் அது சுற்றிச் சுற்றி முன்னே போகிறது இல்லையா? அதே மாதிரி ஒரு பெரிய திருகாணியைக் கப்பலின் பின்பக்கத்தில், தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கியிருக்கும்படி வைத்தால்? அது தண்ணீரைப் பின்னே தள்ளும், கப்பல் முன்னே போகும். கப்பல் தாழ்ந்தாலும் எழுந்தாலும் திருகாணி தண்ணீருக்குள்ளேயே இருக்கும். குண்டும் எளிதில் படாது.

முதலில் ஒரு பொம்மைப் படகு செய்து, கடிகாரத்தில் இருப்பது போன்ற சுருள்வில்லால் திருகாணியைச் சுற்ற வைத்தார். ஹெண்டனில் இருந்த ஒரு நீர்த்தேக்கத்தில் விட்டுப் பார்த்தார். படகு ஓடியது. 1836ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கினார். சில வாரங்களிலேயே ஜான் எரிக்சன் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளரும் இதே போன்ற ஒன்றுக்கு லண்டனில் காப்புரிமை வாங்கினார். இவர்களுக்கு முன்பே இந்த எண்ணம் பல நாடுகளில் பலருக்கு வந்திருந்தது. அதனால் ஸ்மித் மட்டும்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. பொம்மையைக் கடல் வரைக்கும் கொண்டுபோனதுதான் அவர் பெருமை.

அதே ஆண்டில் நிஜப் படகு ஒன்றைக் கட்டினார். அதில் சின்ன நீராவி இயந்திரம் ஒன்று இருந்தது. அடியில் மரத்தால் செய்த திருகாணி. அதற்கு இரண்டு முழுச் சுற்று இருந்தது. நீளமாக இருந்தால் அதிகத் தண்ணீரைத் தள்ளும் என்பது அவருடைய கணக்கு. பாடிங்டன் கால்வாயில் அந்தப் படகு ஓடத் தொடங்கியது.

1837ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். படகு போய்க்கொண்டிருந்தபோது திருகாணி தண்ணீருக்குள் எதிலோ மோதியது. மரம் உடைந்து, திருகாணியில் பாதி போய்விட்டது! படகு நின்றுவிடும் என்றுதானே நினைப்போம்? ஆனால் படகு முன்பைவிட வேகமாகப் பாய்ந்தது.

ஏன் அப்படி? நீளமான திருகாணியில் முன் சுற்று தண்ணீரைத் தள்ளி முடித்துவிடுகிறது. பின் சுற்றுக்கு வருவது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர். அதைத் தள்ளி அதிகப் பயன் கிடையாது. ஆனால் அந்த நீள மரம் முழுவதும் தண்ணீரில் உரசும். அந்த உரசலிலேயே இயந்திரத்தின் பலம் வீணாகும். பாதி உடைந்ததும் உரசல் குறைந்தது, வேகம் கூடியது.

வேறு ஒருவராக இருந்தால் தலையில் கையை வைத்துக்கொண்டு, பழையபடி இரண்டு சுற்றுத் திருகாணியையே செய்து மாட்டியிருப்பார். ஸ்மித் உடைந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஒரே சுற்று உள்ள புதிய திருகாணியை உலோகத்தில் செய்தார். அந்தச் செப்டம்பரில் அதே குட்டிப் படகில் தேம்ஸ் ஆறு வழியாகக் கடலுக்குப் போனார். தான் பிறந்த ஹைத் ஊர் வரைக்கும் போய், புயல் காற்றிலும் அலையிலும் திரும்பி வந்தார்.

கடற்படை அதிகாரிகள் அப்போதும் சீக்கிரம் நம்பவில்லை. பின்னாலிருந்து தள்ளினால் கப்பலைத் திருப்ப முடியாது என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். பெரிய கப்பலில் செய்து காட்ட வேண்டியிருந்தது. அதற்காக ஸ்மித்தும் அவருக்குப் பணம் கொடுத்து உதவியவர்களும் 237 டன் கப்பல் ஒன்றைக் கட்டினார்கள். 1838இல் தண்ணீரில் இறங்கிய அந்தக் கப்பலுக்கு ஆர்க்கிமிடீஸ் என்று பெயர். திருகாணியால் தண்ணீரை மேலே ஏற்றும் கருவிக்குப் பேர் போன பழைய கிரேக்க அறிஞரின் பெயர் அது. மணிக்கு ஐந்து கடல் மைல் போனாலே வெற்றி என்றிருந்தது. அது ஏறக்குறைய பத்து கடல் மைல் போனது. இந்தக் கப்பலிலும் திருகாணி மேலும் சுருங்கியது. ஒரு முழுச் சுற்றுக்குப் பதிலாக, எதிர் எதிராக இரண்டு அரைச் சுற்று. இப்படித்தான் திருகாணி கொஞ்சம் கொஞ்சமாக நாம் இன்று பார்க்கும் விசிறி மாதிரி ஆனது. இதைத்தான் புரொப்பெல்லர் என்கிறோம்.

அந்தச் சமயத்தில் இசம்பார்ட் புரூனெல் என்ற பெரிய பொறியாளர் கிரேட் பிரிட்டன் என்ற இரும்புக் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குத் துடுப்புச் சக்கரம் வைப்பதுதான் திட்டம். ஆர்க்கிமிடீஸைச் சில மாதங்கள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தார். திட்டத்தையே மாற்றிவிட்டார்!

கடற்படையும் ராட்லர் என்ற கப்பலை ஸ்மித்தின் மேற்பார்வையில் சோதித்தது. ஒரு புரொப்பெல்லரை மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். கழற்றி, நீளத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டு மறுபடி மாட்டுவார்கள். மறுபடி ஓட்டுவார்கள். வேறு ஆட்கள் செய்த புரொப்பெல்லர்களையும் இப்படியே சோதித்தார்கள். கடைசியில், 1845 ஏப்ரல் 3ஆம் நாள், ராட்லரையும் அலெக்டோ என்ற துடுப்புச் சக்கரக் கப்பலையும் பின்னுக்குப் பின் கயிற்றால் கட்டினார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பலமுள்ள இயந்திரம். கப்பல்களுக்கு ஒரு கயிறு இழுக்கும் போட்டி! அலெக்டோ சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பயனில்லை. ராட்லர் அதை இரண்டரை கடல் மைல் வேகத்தில் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போனது.

இன்றைக்கு ஏரிகளில் சீறிக்கொண்டு போகும் வேகப் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்பலகையில் என்ஜின் மாட்டியிருக்கும், அடியில் புரொப்பெல்லர் இருக்கும். அந்தப் படகுக்காரங்க கிட்ட கேட்டுப் பாருங்க, ஸ்மித் செய்ததையேதான் அவங்களும் செய்றாங்க. புரொப்பெல்லர் ஒரு முறை சுற்றினால் படகு எவ்வளவு தூரம் முன்னே போக வேண்டும்? அந்தத் தூரத்துக்கு பிட்ச் என்று பெயர். பிட்ச் ரொம்பப் பெரிதாக இருந்தால் என்ஜின் திணறும். ரொம்பச் சின்னதாக இருந்தால் என்ஜின் வேகமாகச் சுற்றும், படகு அந்த அளவுக்கு வேகமாகப் போகாது.

உயரம் பார்ப்பதும் உண்டு. என்ஜினை அளவுக்கு மேல் தாழ்வாக மாட்டினால் அதன் அடிப்பகுதி தண்ணீரில் உரசி வேகத்தைக் குறைக்கும். ஸ்மித்தின் நீளத் திருகாணிக்கு வந்த அதே தொல்லைதான்! அளவுக்கு மேல் உயர்த்தினால் புரொப்பெல்லர் காற்றை இழுத்துக்கொண்டு வீணாகச் சுற்றும். அந்த என்ஜின்கள் சூடு தணிய, அடியில் உள்ள துளைகள் வழியாக ஏரித் தண்ணீரையே இழுத்துக்கொள்ளும். துளை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால் என்ஜின் சூடாகிக் கெட்டுப்போகும். அதனால் ஒரு அங்குலம், சில சமயம் அரை அங்குலம்தான் உயர்த்துவார்கள். ஓட்டிப் பார்த்து வேகத்தைக் குறித்துக்கொள்வார்கள். மறுபடி உயர்த்துவார்கள். ஒரு விஷயம் சொன்னால் ஸ்மித்தே ஆச்சரியப்பட்டிருப்பார். சில பந்தயப் படகுகளில் புரொப்பெல்லர் பாதிதான் தண்ணீரில் இருக்கும். மேல் பாதி வெளியே! அதற்கென்றே தனி வடிவத்தில் இதழ்கள் செய்கிறார்கள்.

ஸ்மித்துக்குப் பணம் வந்ததா? வரவில்லை. கப்பல்கள் எல்லாம் புரொப்பெல்லருக்கு மாறின. ஆனால் ஆர்க்கிமிடீஸைக் கட்டிய நிறுவனத்துக்குப் பெரிய நஷ்டம். 1856இல் அவருடைய காப்புரிமைக் காலமும் முடிந்துபோனது. அரசாங்கம் ஆண்டுக்கு 200 பவுண்டு ஓய்வூதியம் கொடுத்தது. உலகத்துக் கப்பல்களையே மாற்றியவருக்கு இது கொஞ்சம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் குவெர்ன்சி தீவுக்குப் போய் மறுபடியும் விவசாயம் செய்தார். 1860இல் லண்டனில் காப்புரிமை அலுவலக அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. மற்றவர்கள் கண்டுபிடித்த இயந்திரங்களைப் பல ஆண்டுகள் அவர் பாதுகாத்தார். 1871இல் சர் பட்டம் கிடைத்தது. 1874 பிப்ரவரி 12ஆம் நாள், 66 வயது முடிந்து மூன்றாம் நாளில், காலமானார்.

புரூனெலின் கிரேட் பிரிட்டன் கப்பல் இன்றும் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் நிற்கிறது. அதைச் சுற்றிக் கண்ணாடித் தளம் போட்டு, மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். படி இறங்கி அந்தக் கண்ணாடிக்குக் கீழே போகலாம். பின்பக்கம் நடந்து போனால், ஆறு இதழ்களோடு ஒரு பெரிய புரொப்பெல்லர் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும்.