முன்வரிசை கேட்ட சிறுமி

வாசிக்க வந்த சிறுமி வாசிக்க மறுத்தாள்!

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலே டிரையான் என்றொரு சிற்றூர். மேடையிலே பியானோ, எதிரே வெள்ளையர் கூட்டம். மகளின் இசை கேட்க முன்வரிசையில் அமர்ந்த பெற்றோரை, கறுப்பர் என்பதற்காகப் பின்னால் போகச் சொன்னார்கள். பெற்றவர்கள் முன்னே வந்து அமர்ந்தாலன்றி விரல் அசையாது என்றாள் மகள். வந்து அமர்ந்தார்கள், பிறகே இசை பிறந்தது.

யூனிஸ் வேமன் என்ற அந்தச் சிறுமிதான், பின்னாளில் உலகம் போற்றிய நீனா சிமோன்.

1933 பிப்ரவரி 21-இல் பிறந்தவர். தாயார் தேவாலயப் போதகர். வயிற்றுப்பாட்டுக்கோ வெள்ளையர் வீட்டு வேலை. சிறுமியின் திறமை கண்டு படிப்புக்கு ஊரார் நிதி திரட்டினர். மேலைநாட்டுச் செவ்வியல் இசையில் பெயர் பெறுவதே அவர் கண்ட கனவு. 1951-இல் பிலடெல்பியா நகரின் கர்டிஸ் இசைக் கல்லூரி அவருக்கு இடமில்லை என்றது. நிறமே காரணம் என்று அவர் இறுதிவரை நம்பினார். கல்லூரித் தரப்போ அதை மறுத்தது.

பசி காத்திருக்குமா? 1954-இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கடையிலே பியானோ வாசிக்கப் போனார். பாடவும் வேண்டும் என்றார் முதலாளி, பாடினார். தாயார் அறியாதிருக்கப் பெயரையும் மாற்றிக்கொண்டார். முதல் இசைத்தட்டின் உரிமையை 3,000 டாலருக்குக் கொடுத்துவிட்டார். பாடியவர் ஒருவர், பணம் குவித்தவர் வேறொருவர்! பாட்டாளிக்குப் புரியாத கதையா இது?

1963 செப்டம்பரில் பர்மிங்ஹாம் நகரத் தேவாலயத்தில் நிறவெறியர் வைத்த குண்டு, நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றது. கொதித்தெழுந்த நீனா, அந்தக் கொடுமையைச் சபித்துப் பாட்டு எழுதினார். தென் மாநில வானொலி நிலையங்கள் சில அதை ஒலிபரப்ப மறுத்தன. அவர் அடங்கினாரா? 1965 மார்ச்சில், வாக்குரிமை கேட்டு செல்மாவிலிருந்து மான்ட்கமரிக்கு நடந்து வந்த ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

பின்னர் தாய்நாட்டையே வெறுத்து வெளியேறினார். லைபீரியா, சுவிட்சர்லாந்து, பிரான்சு என அலைந்தார்; மனநோயும் வாட்டியது. 2003 ஏப்ரல் 21-இல், தென் பிரான்சில் எழுபதாம் வயதில் மறைந்தார். அதற்குச் சில நாள் முன்புதான் கர்டிஸ் கல்லூரி அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது!

பதினெட்டில் கேட்ட இடம். எழுபதில் கிடைத்த பட்டம். இடையில் போன 52 ஆண்டுகளை யார் திருப்பித் தருவார் என்று நாம் கேட்கிறோம்.

தோழர்களே! ஒரு சிறுமியின் தன்மானம், ஒரு மாலைப்பொழுதுக்கு இரண்டு நாற்காலிகளை மீட்டது. ஓர் இனத்தின் வாக்குரிமையை மீட்கவோ ஆயிரமாயிரம் கால்கள் நடக்க வேண்டியிருந்தது. இயக்கம் எதற்கு என்று கேட்போருக்கு இந்த வாழ்வைச் சொல்லுங்கள்.