மூன்று ஆண்டுகளின் விலை

பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவ ஊர்களில் இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இதற்குப் ‘பாடு’ என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இந்த வழக்கம் தலைமுறைகளாக இருந்துவருகிறது. பொதுவளங்களைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திய காலத்தில் இதை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன். பணி ஓய்வு பெற்ற பிறகுதான் நேரில் சென்று பார்க்க வாய்த்தது.

அங்கே ஓர் இளைஞரைச் சந்தித்தேன். முறை வரும் நாளில் ஏரிக்குப் போகிறார். மற்ற நாள்களில் கிடைக்கும் கூலி வேலையைச் செய்கிறார். வளைகுடா நாடு ஒன்றுக்குப் போவதற்கான பயணச் செலவை ஓராண்டுக்குள் சேர்த்துவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. மாலையில், தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம் வயலின் கற்கிறார். பணம் எப்படியும் சேர்ந்துவிடும், வயலின்தான் ஓராண்டில் கைக்கு வராது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. திரும்பும் வழியில் மீஞ்சூரைத் தாண்டி மணலியை நெருங்கியபோது பாலுசுவாமி தீட்சிதரின் நினைவு வந்தது. கர்நாடக இசைக்குள் வயலினைக் கொண்டுவந்த முன்னோடியாகக் கருதப்படுபவர் அவர். அந்தக் கருவியை அவர் கற்றுக்கொண்ட ஊர் இந்த மணலிதான்.

பாலுசுவாமி 1786இல் திருவாரூரில் பிறந்தார். தந்தை ராமசுவாமி தீட்சிதர், மூத்த அண்ணன், 1775இல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், அடுத்தவர் சின்னசுவாமி. ஆளுநர் பிகட்டிடம் துபாஷாக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் அழைப்பை ஏற்று இந்தக் குடும்பம் திருவாரூரை விட்டு மணலிக்கு வந்தது. முதலியாருக்குப் பிறகு அவருடைய மகன் வெங்கடகிருஷ்ண முதலியார் ஆதரவைத் தொடர்ந்தார். சின்னையா முதலியார் என்றும் அவரை அழைப்பர். அவர்மீது ராமசுவாமி தீட்சிதர் 108 ராகங்களில் ஒரு ராகதாளமாலிகையே பாடினார்.

துபாஷ் என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். கம்பெனிக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் இடையே நின்று, இரு பக்கமும் நம்பிக்கையைக் காத்து, அதற்குரிய பங்கைப் பெற்றவர். சோழமண்டலக் கரையிலிருந்து அன்று கப்பலேறிய பெருஞ்சரக்கு துணி. அந்தத் துணிக்காகவே டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். ஆங்கிலேயர் 1639இல் சென்னையில் இடம் பிடித்தார்கள். மலாய் மொழியில் கைலிக்கு இன்றும் வழங்கும் ‘பெலிகாட்’ என்ற பெயர் பழவேற்காட்டின் பெயர்தான். நெசவாளியின் தறியிலிருந்து கப்பல் வரை நீண்ட அந்த வணிகத்தின் உபரி, துபாஷ்களின் வீடுகளிலும் தேங்கியது. அதில் ஒரு துளி இசைக்கு வந்தது.

சின்னையா முதலியார் தீட்சிதர் சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்கச் செய்தார். கேட்டவர்கள் இருவேறு வகையில் அதை எடுத்துக்கொண்டார்கள். முத்துசுவாமி அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சொற்களை இட்டுப் பாடல்களாக்கினார். நோட்டுசுவரங்கள் என்று இன்று குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுபவை அவை. இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டும் அவற்றில் உண்டு. தம்பி பாலுசுவாமியின் மனம் மெட்டைவிட அதை எழுப்பிய கருவியில் நின்றது. முதலியார் ஓர் ஐரோப்பியரை அமர்த்திப் பாலுசுவாமிக்கு மூன்று ஆண்டுகள் வயலின் கற்பிக்க ஏற்பாடு செய்தார்.

இந்த மூன்று ஆண்டுகளில்தான் என் போன்றவர்களின் கவனம் தங்குகிறது. ஆசிரியருக்குக் கொடுத்த சம்பளம் கண்ணுக்குத் தெரிந்த செலவு. கண்ணுக்குத் தெரியாதது, அந்த மூன்று ஆண்டுகளில் மாணவர் வேறெதுவும் ஈட்டத் தேவையில்லாமல் இருந்தது. பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்கிறோம். அதையும் சேர்த்தே முதலியார் ஏற்றார். வில்லையும் தந்தியையும் பழக்குவதற்கு ஆகும் காலத்தை எந்த இயந்திரமும் குறைத்துவிடவில்லை. நிகழ்கலைகளின் பொருளாதாரத்தைப் பற்றி பாமோலும் போவனும் 1966இல் எழுதிய நூலின் சாரமும் ஏறத்தாழ இதுவே: மற்றத் தொழில்களில் உழைப்பின் நேரம் சுருங்கிக்கொண்டே போகும்போது இசைக்கு ஆகும் நேரம் சுருங்குவதில்லை, ஆகவே ஒப்பீட்டளவில் அது விலை கூடிக்கொண்டே போகிறது.

பாலுசுவாமி ஏற்கெனவே வாய்ப்பாட்டும் வீணையும் அறிந்தவர். அதனால் ஐரோப்பியர் கற்பித்த விரல் பழக்கத்தில் அவர் தம் இசையைத் தேட முடிந்தது. வீணையில் தந்தியை இழுத்துப் பெறும் கமகத்தை வயலினில் விரலை வழுக்கிப் பெறலாம். குரலைப் போல ஒலியை அறுபடாமல் நீட்டவும் வில் உதவும். பிற்காலத்தில் நம் கலைஞர்கள் தரையில் அமர்ந்து, கருவியின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, சட்ஜம் பஞ்சமம் என்று தந்திகளைச் சேர்த்து வாசிக்கும் முறை நிலைபெற்றது. தாடையால் கருவியைத் தாங்கும் வேலை இல்லாததால் இடக்கை தாராளமாக நகர்கிறது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தஞ்சை வடிவேலுவுக்குத் தந்த வயலினால் செய்யப்பட்ட சிறப்பு, இக்கருவி ஒரே தலைமுறைக்குள் அரசவைகளில் பெற்ற இடத்தைக் காட்டுகிறது. அது தந்த வயலின்.

அண்ணனின் பயணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். முத்துசுவாமி மணலியிலிருந்துதான் சிதம்பரநாத யோகியுடன் காசிக்குப் போனார். அவ்வளவு தொலைவு போக ஒருவருக்குத் தேவைப்பட்ட சோறும் துணையும் யோகியிடமிருந்து வந்தன. பாலுசுவாமிக்கோ, பின்னாளில் பயணம் வந்தபோது கையில் இருந்தது கற்ற வித்தை மட்டுமே. 1817இல் தந்தை மறைந்தார். பிழைப்பை நாடி இளைய சகோதரர்கள் இருவரும் தெற்கே மதுரைக்குச் சென்றார்கள். அங்கே சின்னசுவாமி காலமானார். தனித்து நின்ற பாலுசுவாமியை எட்டயபுரம் சமஸ்தானம் 1824இல் தன் வித்துவானாக ஏற்றுக்கொண்டது. மணலியில் ஒரு வணிகர் இட்ட முதல், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் சோறாகத் திரும்பியது என்று சொல்லலாம். முதலிட்டவருக்கு அதில் ஒரு காசும் வரவில்லை.

தம்பியைத் தேடி முத்துசுவாமியும் எட்டயபுரம் வந்தார். 1835 தீபாவளி நாளில் அங்கேயே உயிர் நீத்தார். பாலுசுவாமி 1858 வரை வாழ்ந்தார். மகளின் பிள்ளையான சுப்பராமரைச் சுவீகாரம் எடுத்து இசை கற்பித்தார். அந்தச் சுப்பராம தீட்சிதர் எழுதி 1904இல் எட்டயபுரத்தில் அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் 200க்கும் மேற்பட்டவை சுரக்குறிப்புடன் உள்ளன. இந்தக் குடும்பத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதியும் அந்த நூல் தந்ததே.

முதலியாரை வள்ளல் என்று புகழ்ந்து நிறுத்திக்கொள்வது எளிது. அவருடைய கொடை, ஏற்கெனவே பெயர் பெற்ற ஒரு வித்துவானின் மகனைத்தான் தேடி வந்தது. மணலிக்கு வடக்கே ஏரியோரம் அதே ஆண்டுகளில் வலை இழுத்த பிள்ளைகளின் காதில் கோட்டையின் பேண்டு விழுந்திருந்தாலும், அவர்களுக்காக ஆசிரியரை அமர்த்த யாரும் இருந்திருக்க மாட்டார்கள். தனியார் ஆதரவின் இயல்பு அது. குறை என்றுகூடச் சொல்ல மாட்டேன். இன்று துபாஷும் இல்லை, சமஸ்தானமும் இல்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் வயலினுக்கு மூன்றாண்டுப் பயிற்சி இருக்கிறது. பாலுசுவாமி கற்றதும் அதே மூன்றாண்டுகள்தான். கட்டணம் பெரிதல்ல. ஆனால், அந்த மூன்றாண்டுகளில் இழக்கும் கூலியை யார் ஈடு செய்வது என்ற கேள்வி மணலியில் விட்ட இடத்திலேயே நிற்கிறது. உதவித்தொகையை நிர்ணயிப்பவர்கள் புத்தகத்துக்கும் பேருந்துக்கும் கணக்குப் போடுகிறார்கள். வீட்டுக்கு வராமல் போகும் வருமானத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. மீனவக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அவர்களின் ஒரு மாதக் கூலியில் பாதியையாவது ஈடு செய்யும் தொகை தந்தால் எத்தனை பேர் சேர்வார்கள் என்பதை ஒரு மாவட்டத்தில் ஓராண்டு சோதித்துப் பார்க்கலாம். அதற்கு ஆகும் செலவு பெரிதாக இராது.

பழவேற்காட்டு இளைஞரை மீண்டும் பார்க்கப் போனபோது, பயணத்துக்கான தொகையில் பாதிக்கு மேல் சேர்த்துவிட்டிருந்தார். வயலினில் கீழ்ஸ்தாயி வரிசைகள் முடிந்து அலங்காரம் தொடங்கியிருந்தது.