காத்திருக்கும் பொறியும் அறிஞர் ஆலன் டூரிங்கும்

கோவையை அடுத்த போத்தனூரை இரயில் சந்திப்பாக நாம் அறிவோம். அவ்வூரில் 1881-ஆம் ஆண்டு எத்தல் சாரா ஸ்டோனி என்னும் பெண்மணி பிறந்தார். அவருடைய தந்தையார் சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளர். எத்தல் சாராவை மணந்த ஜூலியஸ் டூரிங், சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி. அவர்களுடைய மூத்த மகன் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தார். இளைய மகனே கணிப்பொறியியலின் தந்தையென உலகம் போற்றும் ஆலன் டூரிங். 1912 ஜூன் 23 அன்று இலண்டனில் பிறந்த அவர், நம் மண்ணைக் கண்டதில்லை. பெற்றோர் பணியின் பொருட்டு இந்தியா திரும்ப, பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் பிறர் வீட்டில் வளர்ந்தனர்.

1926-இல் ஷெர்போர்ன் பள்ளி திறந்த நாளில் பொது வேலைநிறுத்தம், இரயில் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் சவுத்தாம்ப்டனிலிருந்து நூறு கிலோமீட்டர் மிதிவண்டியிலேயே சென்று பள்ளியை அடைந்தான். 1930-இல் உயிர்த்தோழன் கிறிஸ்டபர் மார்க்கம் மறைந்தான். அத்துயரைச் சுமந்தபடியே கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து, இருபத்திரண்டாம் வயதில் அதன் ஆய்வுறுப்பினரானார்.

1936-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் இருவகைப் பொறிகளைக் கற்பனை செய்தார். ஒன்று, தானே இயங்குவது. மற்றொன்று, ஓரிடத்தில் நின்று, வெளியே உள்ள மனிதர் ஒன்றைத் தேர்ந்து சொன்னால்தான் மேலே செல்வது. இரண்டாவதைக் குறிப்பிட்டுவிட்டு, முதலாவதையே ஆழ்ந்து ஆராய்ந்தார். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா, ஓயாமல் ஓடுமா என்று முன்கூட்டிச் சொல்லவல்ல பொதுமுறை கிடையாது என்பது அவ்வாராய்ச்சியிலிருந்து பெறப்படும் முடிவு.

நண்பர்களே, இது ஏட்டுக் கணக்கன்று. தென் அந்தமானின் சௌல்தாரியிலிருந்து வந்தவராயினும், மதுரையிலிருந்து வந்தவராயினும், நிரல் எழுதப் பழகும் நம்மில் ஒவ்வொருவரும் கறுப்புத் திரையின் முன் திகைத்திருப்போம். கர்சர் சிமிட்டும், வேறெதுவும் நடவாது. நிரல் முடிவில்லாச் சுழலில் சிக்கிவிட்டதா, அல்லது நம் விசைக்காகக் காத்திருக்கிறதா? பொதுமுறை இல்லையென்றாலும், கண்முன் நிற்கும் ஒரு நிரலை ஆராய வழியுண்டு. செயலியின் சுமை ஏறியிருந்தால் அது பெரும்பாலும் சுழல்கிறது. சுமையே இல்லையெனில் பெரும்பாலும் காத்திருக்கிறது. சில வேளை, நிரல் கேட்ட கேள்வி திரைக்கு வராமல் இடையிலே தேங்கிவிடும். சில வேளை, முந்தைய விடையோடு தட்டிய எண்டர் விசை எஞ்சி நின்று, அடுத்த கேள்விக்கு விடையாகிவிடும். தட்ட வேண்டிய விடைகளை ஒரு கோப்பில் எழுதி ஊட்டினால், அதே பிழையை மீண்டும் மீண்டும் வரவழைத்துப் பார்க்கலாம்.

இத்தகைய சோதனைக்கும் டூரிங்கே வழிகாட்டியவர். போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் எனிக்மா மறைகுறியை உடைக்க உழைத்த அவர், 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சேர்ந்தார். 1949-இல் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில், பெரிய நிரலைச் சரிபார்ப்பது எவ்வாறென விளக்கினார். நீண்ட கூட்டல் கணக்கில் மீதி எண்களையும் குறித்து வைத்தால், ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே சரிபார்க்கலாம் அல்லவா? அதுபோல நிரலின் இடையிடையே, இவ்விடத்தில் இன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதி வைக்கச் சொன்னார். ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வரும் ஓர் அளவைக் காட்டினால், நிரல் நிற்கும் என்பதும் உறுதியாகும். மான்செஸ்டர் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோருக்கான கையேட்டையும் அவரே 1951-இல் எழுதினார்.

பொறியின் பிழையைப் பொறுமையோடு ஆராய்ந்த அவரிடம் சமுதாயம் பொறுமை காட்டவில்லை. ஓர் ஆடவரோடு உறவு கொண்டார் என்பதற்காக 1952-இல் தண்டிக்கப்பட்டார். சிறையைத் தவிர்க்க ஹார்மோன் சிகிச்சைக்கு உட்பட நேர்ந்தது. 1954 ஜூன் 7 அன்று, நாற்பத்தொன்றாம் வயதில், சயனைடு நஞ்சால் இறந்தார். தற்கொலை என்பது விசாரணையின் தீர்ப்பு. பிரிட்டிஷ் பிரதமர் வருத்தம் தெரிவித்தது 2009-இல்; அரசியின் மன்னிப்பு 2013-இல். ஐம்பது பவுண்டு நோட்டில் அவர் முகம் பொறிக்கப்பெற்றது 2021-இல்.

நாடு தன் பிழையைத் திருத்த அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. நம் நிரலின் பிழையைத் திருத்த ஓர் இரவு போதும். திரை அசையாமல் நிற்கையில் சினந்து நிறுத்திவிடாமல், அது எதற்காக நிற்கிறது என்று முதலில் கேட்போம். போத்தனூர்ப் பெண்மணியின் மகன் நமக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே.